ஒரு பிழை, நூறு வரிகள்

பில்டு கருவிகள் அளவோடு பேசக் கற்றுக்கொண்ட கதையும், நம் கணினி ஆய்வகத்துக்கு அது தரும் பாடமும்

பதினோராம் வகுப்பின் கணினி அறிவியல் செய்முறை நேரம். விசைப்பலகையிலிருந்து இரண்டு எண்களைப் பெற்று, கூட்டுத்தொகையைத் திரையில் காட்டும் எளிய சி++ நிரல். மாணவி ஒருத்தி நிரலை எழுதி முடித்து, கட்டளைச் சாளரத்தில் அதைப் பெயர்ப்பதற்கான கட்டளையைத் தட்டினாள். மறுநொடியே எழுத்துகள் கடகடவென்று மேலே ஓடி, ஒரு வழியாக நின்றன. “சார், என் புரோகிராம்ல ஏகப்பட்ட தப்பு வந்திருச்சு சார்” என்றாள். நான் வேறொரு மாணவனின் கணினியருகில் இருந்தேன். “இதோ வரேன்மா” என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்வதற்குள், அவள் முழு நிரலையும் அழித்துவிட்டுப் பக்கத்துத் தோழியின் நிரலைப் பார்த்து எழுதத் தொடங்கியிருந்தாள்.

அழித்ததை மீட்டெடுத்தோம். திரையில் இருந்த செய்திகளை மேலே நகர்த்திக்கொண்டே போய் முதல் பிழைச் செய்தியைத் தேடிப் பிடித்தோம். கோப்பின் பெயர், ஏழாவது வரி, அந்த வரியில் எத்தனையாவது எழுத்து என எல்லாம் அங்கே இருந்தன. ‘சின்’ என்பதை அடுத்து >> என்று வர வேண்டிய குறி << என்று திரும்பிக் கிடந்தது. தப்பு ஒன்றே ஒன்றுதான்.

பிறகு ஏன் அத்தனை வரிகள்? << என்ற குறிக்குச் சி++ மொழியின் நூலகத்தில் பல வரையறைகள் உண்டு. ‘இதைப் பொருத்திப் பார்த்தேன், பொருந்தவில்லை, அதைப் பொருத்திப் பார்த்தேன், அதுவும் பொருந்தவில்லை’ என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விளக்கம் எழுதிவைத்திருந்தது நிரல்பெயர்ப்பி. அது சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் உதவி இருந்தது முதல் செய்தியில். மாணவி பார்த்துக்கொண்டிருந்தது கடைசி வரியை.

அன்று அவளுக்கு இல்லாமற்போனது நிரலாக்க அறிவு அன்று. தன் தவறைத் தானே கண்டுபிடிக்க முடியும் என்ற நம்பிக்கைதான் போய்விட்டது. ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் மாணவருக்குத் திரையில் வரும் செய்திதான் ஆசிரியர். அந்த ஆசிரியர் எப்படிப் பேச வேண்டும் என்பது கணினித் துறையில் ஏறத்தாழ 50 ஆண்டுகளாக நடந்துவரும் விவாதம். அதன் மையத்தில் இருப்பவை ‘பில்டு’ கருவிகள்.

பில்டு கருவி என்பது என்ன?

நம் மாணவர்கள் எழுதும் நிரல் பெரும்பாலும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். பெரிய மென்பொருள்கள் அப்படியல்ல. லினக்ஸ் இயக்க அமைப்பின் கருநிரலில் பல்லாயிரம் கோப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியே பெயர்க்க வேண்டும். பெயர்த்தவற்றை உரிய வரிசையில் இணைக்க வேண்டும். ஒரு கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து பெயர்ப்பது வீண் வேலை. மாற்றியதைப் பெயர்க்காமல் விட்டுவிட்டாலோ பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருக்கும்.

மதிப்பெண் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். மறுகூட்டலில் ஒரு மாணவருக்கு ஒரு பாடத்தில் மதிப்பெண் மாறுகிறது. அந்த மாணவரின் மொத்தத்தையும், வகுப்பின் சராசரியையும், அந்தப் பாடத்தின் தேர்ச்சி விழுக்காட்டையும் திருத்துவோம். மற்ற மாணவர்களின் மொத்தத்தை மீண்டும் கூட்டிக்கொண்டிருக்க மாட்டோம். எது மாறினால் எதையெல்லாம் திருத்த வேண்டும் என்ற பட்டியல் நம் மனத்தில் இருக்கிறது. பில்டு கருவிக்கு அந்தப் பட்டியலை ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்கிறோம். அது கோப்புகள் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தை ஒப்பிட்டு, பழையதாகிப்போனவற்றை மட்டும் மீண்டும் உருவாக்குகிறது.

இவ்வகைக் கருவிகளில் மூத்தது ‘மேக்’. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் உருவாக்கியது. அதன் பிறப்புக்கே ஒரு வீணான காலைப்பொழுதுதான் காரணம். அவருடைய சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன், ஒரு நிரலில் பிழையைத் தேடித் தேடிக் காலை முழுவதையும் செலவிட்டார். உண்மையில் பிழையை அவர் முன்பே திருத்திவிட்டார். திருத்திய கோப்பை மீண்டும் பெயர்க்காததால் பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருந்தது. சரியாக இருந்த நிரலில் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். ஃபெல்ட்மேனும் முந்தைய மாலை இதே சிக்கலில் மாட்டியிருந்தார். இனி யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்று எழுதப்பட்டதே மேக். இதற்காக ஃபெல்ட்மேனுக்கு 2003-இல் ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது கிடைத்தது.

இந்த நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆய்வகத்திலும் இதே நிகழ்ச்சி நடப்பதைப் பின்னால் பார்ப்போம்.

கருவி ஏன் இவ்வளவு பேசியது?

மேக் ஒரு வேலையைச் செய்யும் முன், தான் இடப்போகும் கட்டளையை அப்படியே திரையில் எழுதிக் காட்டும். சில கோப்புகள் இருக்கும்வரை இது நல்ல பழக்கம்தான். என்ன நடக்கிறது என்று தெரியும். தவறினால் எந்தக் கட்டளை தவறியது என்றும் தெரியும்.

மென்பொருள்கள் வளர வளரக் கட்டளைகளும் நீண்டன. எந்தெந்தக் கோப்புறைகளில் தேட வேண்டும், எந்த எச்சரிக்கைகளைக் காட்ட வேண்டும், எவ்வளவு வேகப்படுத்த வேண்டும் என்று ஒரே கட்டளைக்குள் எத்தனையோ தெரிவுகள். ஒரு கோப்புக்கான கட்டளை திரையில் ஐந்தாறு வரிகளை அடைத்துக்கொள்ளும். ஆயிரம் கோப்பு என்றால் சில ஆயிரம் வரிகள். இந்த வெள்ளத்தின் நடுவே ‘இந்த மாறிக்கு மதிப்பே தரப்படவில்லை’ என்று நிரல்பெயர்ப்பி ஓர் எச்சரிக்கை தந்தால் யார் கண்ணில் படும்?

தேவையற்ற சொற்கள் மிகுந்தால் தேவையான சொல்லும் மதிப்பிழக்கிறது. தினமும் பத்துச் சுற்றறிக்கை வரும் அலுவலகத்தில் பதினோராவதாக வரும் முக்கியமான சுற்றறிக்கையும் படிக்கப்படாமல் கோப்பில் சேர்ந்துவிடும். திரைக்கும் அதே கதிதான். வரிகள் ஓடுவதைப் பார்த்துப் பழகியவர், அவை ஓடும்போது படிப்பதையே விட்டுவிடுகிறார்.

யூனிக்ஸ் அமைப்பை உருவாக்கியவர்களின் மரபு இதற்கு நேர்மாறானது. சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லையென்றால் நிரல் எதுவும் சொல்லாமல் முடிய வேண்டும் என்பது அந்த மரபு. கோப்பை நகலெடுக்கும் கட்டளை வேலையை முடித்துவிட்டு ஒரு சொல்கூடப் பேசாது. பேசினால் ஏதோ தவறியிருக்கிறது என்று பொருள்.

அளவோடு பேசக் கற்ற கருவிகள்

பில்டு கருவிகள் அந்த மரபை நோக்கி மெல்ல மெல்லத் திரும்பின. இன்று லினக்ஸ் கருநிரலைக் கட்டமைத்தால் ஒரு கோப்புக்கு ஒரு சிறு வரிதான் வரும். இடப்பக்கம் வேலையின் சுருக்கக் குறி, வலப்பக்கம் கோப்பின் பெயர், அவ்வளவுதான். இதனால் நடுவே ஓர் எச்சரிக்கை வந்தால் அது தனித்துத் தெரிகிறது. முழுக் கட்டளையையும் பார்க்க வேண்டுமா? மேக் கட்டளையோடு ‘வி=1’ என்று சேர்த்தால் எல்லாம் வரும். திறமூல மென்பொருள்களுக்கு மேக் கோப்புகளைத் தாமாகவே எழுதித் தரும் ‘ஆட்டோமேக்’ என்ற கருவியும் 2009-இல் இதே வசதியைச் சேர்த்துக்கொண்டது.

இன்னும் ஒரு படி மேலே போனது ‘நிஞ்சா’. கூகுளில் குரோம் உலாவிக்காகப் பணியாற்றிய இவான் மார்ட்டின் எழுதிய பில்டு கருவி இது. குரோமுக்கு 30,000-க்கும் மேற்பட்ட மூலக் கோப்புகள். மற்றக் கருவிகள் ஒரு கோப்பு மாறினால் வேலையைத் தொடங்கவே பத்து நொடி எடுத்துக்கொண்டன; நிஞ்சாவுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. வேகத்துக்காகப் பேசப்பட்ட கருவி என்றாலும், அது பேசும் முறையும் கவனிக்கத்தக்கது. எல்லாம் சரியாக நடக்கும்வரை திரையில் ஒரே ஒரு வரிதான். மொத்த வேலைகளில் எத்தனை முடிந்தன என்ற எண்ணிக்கை அந்த ஒரே வரியில் மாறிக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு வேலை தவறினால், அந்த வேலையின் முழுக் கட்டளையும் அதன் பிழைச் செய்தியும் வெளியே வரும். மற்ற நூற்றுக்கணக்கான கட்டளைகள் வரமாட்டா.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இன்றைய கணினிகள் ஒரே நேரத்தில் நான்கைந்து கோப்புகளைப் பெயர்க்கின்றன. ஐந்து மாணவர்கள் ஒரே நேரத்தில் பேசினால் யார் என்ன சொன்னார் என்று புரியாது அல்லவா? ஒரு கோப்பின் பிழைச் செய்திக்கு நடுவே இன்னொரு கோப்பின் செய்தி வந்து கலந்துவிடும். நிஞ்சா ஒவ்வொரு வேலையின் பேச்சையும் தனியே சேர்த்துவைத்து, அந்த வேலை முடிந்த பிறகே மொத்தமாக வெளியிடுகிறது. குனு மேக் கருவியிலும் 2013-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து இதற்கான தெரிவு இருக்கிறது.

முற்றிலும் பேசாமலிருப்பதும் ஆபத்துதான்

அப்படியானால் கருவியை வாயடைத்துவிட்டால் போதுமா? போதாது. மேக் கருவியில் கட்டளைகளைக் காட்டாமல் தடுக்க ஒரு தெரிவு ஏற்கெனவே உண்டு. அதைப் பயன்படுத்தினால் பத்து நிமிடம் ஓடும் வேலையிலும் திரை வெறுமையாகவே இருக்கலாம். கணினி வேலை செய்கிறதா, உறைந்துவிட்டதா என்று தெரியாது. பொறுமையிழந்தவர் நடுவிலேயே நிறுத்திவிடுவார். ஏதாவது தவறினாலோ, தவறிய கட்டளை திரையில் இருக்காது.

மாணவர் நிரல்களில் இதைவிட நுட்பமான ஓர் ஆபத்து இருக்கிறது. இரண்டு எண்கள் சமமா என்று பார்க்க == என்று இரண்டு குறி இட வேண்டிய இடத்தில், = என்று ஒரே குறியை இட்டுவிடுவார்கள். சி++ மொழியில் இது இலக்கணப் பிழையன்று. ஒப்பிடுவதற்குப் பதிலாக மதிப்பை மாற்றிவிடும், நிரல் ஓடும், விடை தவறாக வரும். ஜி++ நிரல்பெயர்ப்பி வழக்கமாக இதைப் பற்றி வாயே திறக்காது. எல்லா எச்சரிக்கைகளையும் காட்டு என்ற பொருளுடைய ‘வால்’ என்ற தெரிவைக் கட்டளையில் சேர்த்தால்தான் ‘இங்கே ஒப்பிட நினைத்து மதிப்பைத் தந்திருக்கிறீர்களோ’ என்ற பொருளில் எச்சரிக்கும். இங்கே கூடுதலாகப் பேசுவதுதான் உதவி.

ஆக, எத்தனை வரி என்பது மட்டும் அளவுகோல் ஆகாது. படிப்பவர் அடுத்து செய்ய வேண்டியதற்கு அந்த வரி உதவுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வெற்றி என்றால் சுருக்கமாகச் சொல். நீண்ட வேலை என்றால் எதுவரை வந்திருக்கிறாய் என்று காட்டு. தவறினால் அந்தத் தவறைப் பற்றி முழுமையாகச் சொல். மற்ற விவரங்களை அழிக்காமல், கேட்டால் எடுத்துத் தருவதுபோல் வைத்திரு. நல்ல கருவிகள் இந்த நான்கையும் பின்பற்றுகின்றன.

நல்ல பிழைச் செய்தியில் என்ன இருக்கும்?

சுருக்கிய பிறகு மிஞ்சும் அந்தச் சில வரிகள் புரியும்படி இருக்க வேண்டும். ‘கிளாங்’ என்ற சி++ நிரல்பெயர்ப்பி, பிழையுள்ள வரியை அப்படியே எடுத்துக் காட்டி, பிழை இருக்கும் எழுத்துக்குக் கீழே ^ என்ற குறியை இடும். முடிந்தால் என்ன சேர்க்க வேண்டும் என்றும் சொல்லும். நாம் நம் ஆய்வகங்களில் பயன்படுத்தும் ஜிசிசி குடும்பத்து நிரல்பெயர்ப்பிகளும் 2013-இல் வந்த 4.8 பதிப்பிலிருந்து பிழை வரியைக் காட்டி ^ குறி இடுகின்றன. ‘ரஸ்ட்’ மொழியின் நிரல்பெயர்ப்பி ஒவ்வொரு வகைப் பிழைக்கும் ஓர் எண் தருகிறது. அந்த எண்ணைக் கொடுத்துக் கேட்டால், எடுத்துக்காட்டுடன் விளக்கம் தரும். கேட்காதவருக்கு அந்த நீண்ட விளக்கம் குறுக்கே நிற்காது.

பைத்தான் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மூன்றாவது வரியில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தால், பழைய பைத்தான் பதிப்புகள் பெரும்பாலும் நான்காவது வரியைச் சுட்டி, ‘தொடரியல் தவறு’ என்று மட்டும் சொல்லும். நான்காவது வரியில் ஒரு தவறும் இருக்காது. மாணவர் அந்த வரியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார். 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பு, மூன்றாவது வரியில் திறந்த அந்த அடைப்புக்குறியையே சுட்டி, ‘இது மூடப்படவே இல்லை’ என்கிறது. நிபந்தனைக் கூற்றின் முடிவில் முக்காற்புள்ளி விடுபட்டால் ‘இங்கே முக்காற்புள்ளி எதிர்பார்க்கப்பட்டது’ என்கிறது. மாறியின் பெயரை எழுத்துப் பிழையுடன் எழுதினால், நெருக்கமான சரியான பெயரைச் சொல்லி ‘இதைத்தான் குறிப்பிட்டீர்களா?’ என்று கேட்கிறது. ஆய்வகத்தில் பழைய பதிப்பு இருந்தால் புதியதை நிறுவுவதே மாணவருக்குப் பேருதவி.

பழைய செய்திகள் அடுத்த வரியைச் சுட்டியதற்கும் காரணம் உண்டு. இதை மாணவர்களுக்கு விளக்கிச் சொல்லலாம். முற்றுப்புள்ளி இல்லாத வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கிறோம். புள்ளி விடுபட்டது நமக்கு எப்போது தெரிகிறது? அடுத்த வாக்கியத்துக்குள் நுழைந்து தடுமாறும்போதுதான். கணினியும் அப்படியே. அரைப்புள்ளி விடுபட்டதை அது அடுத்த சொல்லைப் படிக்கும்போதுதான் உணர்கிறது. எனவே சுட்டிய வரியில் தவறு இல்லையென்றால் அதற்கு முந்தைய வரியைப் பார்க்க வேண்டும்.

மேக் கருவியிலும் இப்படி ஒரு கதை உண்டு. மேக் கோப்பில் கட்டளை வரியை இடைவெளிகளால் தொடங்கக் கூடாது. ‘டேப்’ விசையால்தான் தொடங்க வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இந்த விதி சரியில்லை என்று ஃபெல்ட்மேனுக்கே விரைவில் தோன்றியது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தொந்தரவு தர வேண்டாமென்று விட்டுவிட்டார். அரை நூற்றாண்டாக உலகமே அந்த விதியில் இடறிக்கொண்டிருக்கிறது. விதியை மாற்ற முடியாத குனு மேக், செய்தியை மாற்றியது. எட்டு இடைவெளிகளோடு தொடங்கும் வரியைக் கண்டால், ‘எட்டு இடைவெளிகளுக்குப் பதிலாக டேப் இட நினைத்தீர்களா?’ என்று கேட்கிறது.

இந்தச் செய்திகளில் எத்தனை ‘நினைத்தீர்களா’ என்று முடிகின்றன பாருங்கள். கருவி சொல்வது ஊகம்தான். ஊகத்தை ஊகமாகவே சொல்வதும் நல்ல செய்தியின் இலக்கணம்.

நம் ஆய்வகத்தில் ஒரு சிறு பில்டு கருவி

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானிலிருந்து சி++ நிரலைப் பெயர்த்து இயக்கும் பாடம் உண்டு. ‘ஓஎஸ்’ தொகுதியின் ‘சிஸ்டம்’ என்ற செயற்கூறு வழியாக ஜி++ கட்டளையைக் கொடுக்கிறோம். அடுத்து, உருவான நிரலை இயக்குகிறோம். இதைச் சொல்லிக்கொடுக்கும்போது நாம் கவனிக்காத ஒன்று உண்டு. அது உண்மையில் ஒரு குட்டி பில்டு கருவி. அதை மாணவர்களோடு சேர்ந்து ஓரிரு செய்முறை வகுப்புகளில் படிப்படியாக வளர்க்கலாம்.

முதலில் ஒரு சோதனை. சரியான நிரலைப் பெயர்த்து இயக்கச் சொல்லுங்கள், விடை வரும். பிறகு அந்த நிரலில் கூட்டலைப் பெருக்கலாக மாற்றி, வேண்டுமென்றே ஓர் அரைப்புள்ளியையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பெயர்த்து இயக்கினால் என்ன ஆகும்? பிழைச் செய்தி வரும். அதன் கீழேயே விடையும் வரும், அதுவும் பழைய கூட்டல் விடை! பெயர்ப்பு தோற்றதால் புதிய நிரல் உருவாகவில்லை, முன்பு உருவான பழைய நிரல் அப்படியே இருந்தது, அதுதான் ஓடியது. பெல் ஆய்வகத்தில் காலைப்பொழுதைத் தின்ற அதே ஏமாற்றம் நம் மாணவர் கண்முன் நடக்கிறது. இதைப் பார்த்த பிறகு மாணவர்களுக்கு அடுத்த நான்கு படிகளின் தேவையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

1. தோல்வியில் நிற்கட்டும். ஒவ்வொரு நிரலும் முடியும்போது இயக்க அமைப்பிடம் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகும். 0 என்றால் வெற்றி. வேறு எண் என்றால் தோல்வி. நம் மாணவர்கள் ஒவ்வொரு சி++ நிரலிலும் ‘ரிட்டர்ன் 0’ என்று ஏன் எழுதுகிறார்கள் என்பதற்கு விடை இதுதான். ‘சிஸ்டம்’ செயற்கூறு திருப்பித் தரும் மதிப்பு 0 என்றால் மட்டும் நிரலை இயக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய விடை இனி வராது.

2. முழுச் செய்தியும் கோப்புக்குப் போகட்டும். நிரல்கள் விடையை ஒரு வழியிலும் பிழைச் செய்தியை வேறொரு வழியிலும் வெளியிடுகின்றன. கட்டளையின் முடிவில் 2> என்ற குறியையும் ஒரு கோப்புப் பெயரையும் சேர்த்தால், பிழைச் செய்திகள் மட்டும் அந்தக் கோப்பில் சேரும். எதுவும் தொலைந்துபோகாது; திரையும் நிறையாது.

3. முதல் பிழை மட்டும் திரைக்கு வரட்டும். அந்தக் கோப்பைப் பைத்தானில் திறந்து, ‘எர்ரர்’ என்ற சொல் உள்ள முதல் வரியையும் அதை அடுத்த இரண்டு வரிகளையும் மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். எங்கே, என்ன, ^ குறி எல்லாம் அந்த மூன்று வரிகளில் வந்துவிடும். அச்சொல் உள்ள வரிகளை எண்ணி, ‘இன்னும் இத்தனை பிழைகள் உள்ளன, முதலில் இதைத் திருத்துக’ என்றும் காட்டலாம். ஒரு பிழையைத் திருத்தினால் அதனால் விளைந்த மற்றப் பிழைகள் பலமுறை தாமாகவே மறைந்துவிடும். கோப்பு, சரம், மடக்கு ஆகிய பாடங்களுக்கு இது உயிருள்ள பயிற்சி.

4. தமிழில் ஒரு குறிப்பு சேரட்டும். வகுப்பில் அடிக்கடி வரும் பத்துப் பிழைகளை மாணவர்களே பட்டியலிடட்டும். ஒவ்வொன்றுக்கும் அவர்கள் சொற்களில் ஒரு வரி: ‘அரைப்புள்ளி விடுபட்டிருக்கலாம், மேல் வரியையும் பார்’, ‘சின் பக்கத்தில் குறி திரும்பியிருக்கலாம்’. செய்தியில் உரிய சொல் இருந்தால் அந்தக் குறிப்பு வர வேண்டும். கட்டளைச் சாளரத்தில் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிந்தால், குறிப்பை யூனிகோடு கோப்பில் எழுதித் திறக்கச் செய்யலாம். ஆங்கிலத்தில் வரும் மூலச் செய்தியை மட்டும் மறைத்துவிட வேண்டாம். நாளை கல்லூரியிலும் பணியிடத்திலும் மாணவர் சந்திக்கப்போவது அதைத்தான். தமிழ்க் குறிப்பு அதைப் படிக்க உதவும் கைத்தடி.

நிரல் எழுத நேரமில்லாத வகுப்பிலும் சில பழக்கங்களை ஏற்படுத்தலாம். பிழை வந்தவுடன் கடைசி வரியைப் பார்க்காமல் முதல் பிழையைத் தேடச் சொல்லுங்கள். பைத்தான் இயக்கநேரப் பிழைகளில் மட்டும் இது தலைகீழ். அங்கே கடைசி வரியில்தான் காரணம் இருக்கும். இந்த வேறுபாட்டைத் தனியே சொல்ல வேண்டும். செய்தியை வாய்விட்டுப் படித்து, தமிழில் ஒரு வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். “சார், தப்பு வருது” என்று வரும் மாணவரிடம் “எந்த வரின்னு சொல்லுதுப்பா?” என்று கேளுங்கள். பாதி நேரம், அந்தக் கேள்விக்கு விடை தேடும்போதே தவறு அவர்கள் கண்ணில் பட்டுவிடும்.

சிவப்பு மையும் ஒரு பிழைச் செய்திதான்

கணினி கற்பிக்காத ஆசிரியர்களும் நாள்தோறும் பிழைச் செய்திகளை எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். கட்டுரை ஏட்டில் நாற்பது சிவப்பு வட்டங்களைக் கண்ட ஐந்தாம் வகுப்புக் குழந்தை, திரை நிறைந்ததைக் கண்ட அந்த மாணவியைப் போலவே ஏட்டை மூடிவைத்துவிடும். ‘கவனமாக எழுதவும்’ என்ற குறிப்பில் இடமும் இல்லை, காரணமும் இல்லை. அது பழைய பைத்தானின் ‘தொடரியல் தவறு’ போன்றது. பிழையே இல்லாததுபோல் ஒரு சரிக்குறி மட்டும் இட்டுவிட்டால், அது எச்சரிக்கையை மறைத்த நிரல்பெயர்ப்பி.

நாற்பதில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ‘இந்த ஏட்டில் ல, ள வேறுபாட்டை மட்டும் பார்ப்போம், மூன்றாவது வரியில் ஒன்று இருக்கிறது, கண்டுபிடி’ என்று எழுதலாம். மற்றவற்றை நம் குறிப்பேட்டில் வைத்துக்கொண்டு அடுத்த வாரம் எடுக்கலாம். பெற்றோர் கேட்டால் முழுப் பட்டியலும் நம்மிடம் இருக்கும்.

அந்தச் செய்முறை வகுப்புக்குப் பின் சில வாரங்கள் கழித்து, அதே மாணவியின் திரையில் மீண்டும் பிழை வந்தது. நான் எழுந்து போவதற்குள் கையைக் காட்டி நிறுத்தினாள். “இருங்க சார், பதினொண்ணாவது வரின்னு சொல்லுது, நானே பார்க்கிறேன்” என்றாள். நிரல் சரியாக ஓடியதா என்பதைவிட, அந்த “நானே பார்க்கிறேன்” என்ற சொல்தான் அன்றைய வகுப்பின் விளைவு.